நடக்க ஐந்து நிமிடம் போதுமா? தீம் பார்க் பயணத்துக்கு நடை நேரம் குறிப்பது பற்றி

3 ஜூன் 2025, செவ்வாய், இரவு

"ஒரு விளையாட்டிலிருந்து இன்னொரு விளையாட்டுக்கு நடக்க ஐந்து நிமிடம் போதாதா?" இன்று மாலை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் கேட்டார். ஜூலை 26, சனிக்கிழமை, மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை அதே மாநிலத்தில் உள்ள லெகோலேண்ட் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகிறோம். 38 பிள்ளைகள், 6 பெரியவர்கள், 44 இருக்கை கொண்ட ஒரு பஸ். நேர அட்டவணை போடும் பொறுப்பு என்னுடையது. எங்கள் ஊரான ரெங்கத்திலிருந்து காலையில் கிளம்பி, 10 மணிக்கு உள்ளே நுழைந்து, மாலை 5 மணிக்கு மறுபடி பஸ் ஏற வேண்டும். ஏழு மணி நேரம். எட்டு விளையாட்டாவது பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள் பெற்றோர்.

கைப்பேசி வரைபடத்தில் வாசலையும் கடைசி மூலையையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்பது நிமிட நடை என்கிறது. அந்த ஒன்பது நிமிடத்தை நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கீழே எழுதுகிறேன். 38 பிள்ளைகளுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதுதான் என் கேள்வி.

3 ஜூன், இரவு 11 மணி

2023இல் வேறோர் இடத்துக்குப் போனோம். அப்போதும் அட்டவணை நான் போட்டதுதான். எட்டு இடம், நடுவில் ஐந்து ஐந்து நிமிட நடை. பார்த்தது நான்கு இடம். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் எட்டு இடங்களின் பெயரையும் கணக்கு நோட்டின் பின் அட்டையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு சின்னக் கட்டம் வரைந்து கொண்டுவந்திருந்தான். பஸ்ஸில் திரும்பும்போது அந்த நோட்டை மடியில் வைத்திருந்தான். நான்கு கட்டத்தில் சரி போட்டிருந்தது. மற்ற நான்கையும் பென்சிலால் மெதுவாக நிரப்பிக்கொண்டே வந்தான், கறுப்பாக. அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டும் தகப்பன் மூன்று மாதம் சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிய டிக்கெட் அது.

4 ஜூன், புதன்

முதலில் நிலத்தின் அளவு. லெகோலேண்ட் 76 ஏக்கர். 2012 செப்டம்பரில் திறந்தபோதே எல்லாச் செய்தித்தாளிலும் வந்த எண் அது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஏக்கரைச் சொன்னால் போதும், கண்ணில் தெரிந்துவிடும். தோட்டக் கணக்கில் அது நடுத்தரமான ஒரு காடு; மரம் நட்ட ஒரு பகுதியைத்தான் நாங்கள் காடு என்போம். சதுரமாக விரித்தால் ஒரு பக்கம் 555 மீட்டர், மூலைக்கு மூலை 785 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் நடை என்றால் நிமிடத்துக்கு 83 மீட்டர். 785ஐ 83ஆல் வகுத்தால் ஒன்பதரை நிமிடம். வரைபடம் சொன்ன ஒன்பது நிமிடமும் இதே வேகத்தில் போட்ட கணக்குத்தான்.

அப்படியானால் 5 கிலோமீட்டர் வேகம் யாருடையது? தட்டையான தரையில், தடை இல்லாமல், தனியாக, போகும் இடம் தெரிந்து நடக்கும் பெரியவருடையது. சாலை விளக்கில் பாதசாரிக்கு எவ்வளவு நேரம் பச்சை விடுவது என்று கணக்கிடும் பொறியாளர்கள்கூட அந்த வேகத்தைக் கொடுப்பதில்லை. வெகுகாலம் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 2009இல் வந்த கையேடு அதையும் ஏறத்தாழ 1.07 மீட்டராகக் குறைத்தது, முதியவர்கள் கடந்து முடிப்பதற்குள் விளக்கு மாறிவிடுகிறது என்பதால். மணிக்கணக்கில் சொன்னால் அது 3.8 கிலோமீட்டர். அதுவும் சாலையைக் கடக்கும் அவசரத்தில், நடுவில் எங்கும் நிற்காமல்.

7 ஜூன், சனி

இன்று காலை அளந்தேன். தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து பழைய பிரட்டுக் களம் (விடிகாலையில் தொழிலாளர்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்ட இடம்), அதைத் தாண்டி ஸ்டோர் வரை சரியாக ஒரு கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் மூன்று முறை ஓட்டிச் சரிபார்த்த தூரம். என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரும் வந்தார்கள். எல்லாரும் பத்து முதல் பன்னிரண்டு வயது. "பந்தயம் இல்லை, பேசிக்கொண்டே வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

19 நிமிடம் ஆயிற்று.

அவர்கள் மெதுவாக நடக்கவில்லை. கடிகாரத்தை நின்றபோது ஒரு பொத்தானும் நடந்தபோது ஒரு பொத்தானுமாக அழுத்திக்கொண்டே போனேன். நடந்தது 14 நிமிடம். அது மணிக்கு 4.3 கிலோமீட்டர், நல்ல வேகம். மிச்சம் ஐந்து நிமிடமும் நின்ற நேரம். பதினொரு முறை நின்றார்கள். அதில் நான்கு முறை தொட்டாற்சுருங்கிக்காக. ஒருத்தி குந்தி உட்கார்ந்து ஓர் இலையை விரல் நுனியால் தொடுவாள். அது மடங்கும். அடுத்தவன் அதே கொடியின் அடுத்த இலையைத் தொடுவான். கொடி முழுவதும் மடங்கும் வரை ஐந்து பேரும் எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்த பிறகும் ஒருவன் திரும்பிப் பார்ப்பான், மறுபடி விரிந்துவிட்டதா என்று.

ஐந்து பிள்ளைகள், தினமும் பார்க்கிற சாலை, தினமும் பார்க்கிற செடி. அதற்கே இது. மூலைக்கு மூலை வண்ணம் அடித்த ஒரு பூங்காவில் 38 பேர் என்றால்?

8 ஜூன், ஞாயிறு

ஒரு திருத்தம். 4ஆம் தேதி மூலைக்கு மூலை 785 மீட்டர் என்று எழுதினேன். அப்படி யாரும் குறுக்கே நடக்க முடியாது. லெகோலேண்டில் மினிலேண்ட் என்ற குட்டி ஊர்களின் பகுதி நடுவில் இருக்கிறது, மற்றப் பகுதிகள் அதைச் சுற்றி வளையமாக இருக்கின்றன. நடுவிலிருந்து 200 மீட்டர் தள்ளிப் பாதை சுற்றுகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், எதிர்ப்பக்கத்துக்கு நேர்கோட்டில் 400 மீட்டர், அரைச் சுற்று சுற்றிப் போனால் 628 மீட்டர். ஒன்றரை மடங்குக்கு மேல். படத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே விரல் வைத்து அளப்பவர்கள் இந்த இடத்திலேயே மூன்றில் ஒரு பங்கு நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

வாசலில் கொடுக்கிற வண்ணப் படத்தை வைத்து அளப்பது அதைவிட மோசம். தீம் பார்க் படங்களை அளவு பார்த்து வரைவதில்லை. பெரிய விளையாட்டு பெரிதாகவும் அதற்குப் போகும் பாதை குட்டையாகவும் தெரியும். எங்கே என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கான படம் அது. எவ்வளவு தூரம் என்று அதைக் கேட்கக் கூடாது.

8 ஜூன், மதியம்

சுங்கை சிப்புட்டிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "மலைமேல் என்றால் என்ன கணக்கு அண்ணா?" என்று கேட்டான். அவர்கள் பள்ளி கெந்திங்குக்குப் போகிறதாம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் மலையேறுபவர்களுக்குச் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நம் அளவில், பத்து மீட்டர் உயரம் ஏறினால் ஒரு நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாடிப் படிக்கட்டு அந்த உயரம் வரும். கெந்திங்கில் 2022இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற தீம் பார்க் 26 ஏக்கர்தான். குளிரான இடம், நடை குறைவு, வெயில் களைப்பு இல்லை. தம்பிக்கு என் கவலை அவ்வளவு தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

நீர் விளையாட்டுகள் உள்ள சன்வே லகூன் பூங்கா வேறு. பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் கட்டியது. காலையில் இறங்குவது சுகம். மாலையில் ஈரத் துணியோடு ஏறுகிற பிள்ளையின் கால் காலையில் இருந்த கால் அல்ல. போகும் நேரத்தையே திரும்பும் நேரமாகவும் எழுதுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

12 ஜூன், வியாழன்

அம்மாவிடம் அட்டவணையைக் காட்டினேன். அம்மாவுக்கு 71 வயது. முப்பத்திரண்டு வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறி மங்கு என்ற கிண்ணத்தில் பால் எடுத்தவர். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"நடப்பதை மட்டும்தான் எழுதியிருக்கிறாய். ஆள் சேர்கிற நேரம் எங்கே?" என்றார்.

பிறகு அவரே சொன்னார். விடிவதற்கு முன் பிரட்டு. கங்காணி பேர் கூப்பிட்டு நிரை (ஆளுக்குரிய மர வரிசை) பிரித்துக் கொடுத்தவுடன் எல்லாரும் காட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. கைப்பிள்ளைக்காரிகள் ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டும். ஒருத்தியின் வாளி வீட்டிலேயே இருக்கும். இன்னொருத்திக்குக் கத்தி தீட்ட வேண்டும். காட்டுக்கு நடை இருபது நிமிடம் என்றால் கங்காணி நாற்பது நிமிடம் என்று மனத்தில் வைத்துக்கொள்வார். "நல்ல கங்காணி அதைத் துரையிடம் சொல்ல மாட்டார், தனக்குள் வைத்துக்கொள்வார். கெட்ட கங்காணி இருபது நிமிடம் என்று துரையிடம் சொல்லிவிட்டு எங்களைத் திட்டுவார்."

அட்டவணையை வாங்கி மடித்து வைத்துவிட்டேன். எட்டு இடம், ஐந்து நிமிடம் என்று 2023இல் எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை "சீக்கிரம், சீக்கிரம்" என்று நாள் முழுவதும் விரட்டியது நான்தான்.

13 ஜூன், வெள்ளி

அம்மா சொன்னதை எண்ணாக மாற்றிப் பார்க்கிறேன்.

கழிப்பறை. 38 பேரில் 21 பேர் பெண் பிள்ளைகள். நான்கு அறை, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் பன்னிரண்டு நிமிடம். வேறு யாருமே வரிசையில் இல்லாவிட்டால் இது. ஒரு பிள்ளை "எனக்கும்" என்று சொன்னால் உடனே பத்துப் பேருக்கு வந்துவிடும். ஆசிரியர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

தலை எண்ணுவது. 38 பேரையும் வரிசையில் நிறுத்தி ஒன்று இரண்டு சொல்ல வைத்துப் பள்ளித் திடலில் பார்த்தோம். முதல் தடவை மூன்று நிமிடம். பழகியபின் ஒன்றரை.

வரிசையின் நீளம். இரண்டிரண்டு பேராக நடந்தால் 19 ஜோடி, ஏறத்தாழ 30 மீட்டர். கூட்டத்தில் அது 100 மீட்டராக நீளும். தலை போய்ச் சேர்ந்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் வால் வரும். அட்டவணையில் நாம் எழுதுவது எப்போதும் தலை போய்ச் சேரும் நேரம். விளையாட்டில் ஏறுவது வால் வந்த பிறகு.

இந்த மூன்றும் தூரத்தோடு சம்பந்தமே இல்லாதவை. பக்கத்து விளையாட்டுக்கு 80 மீட்டர் என்றாலும் வரும், 600 மீட்டர் என்றாலும் வரும். தூரத்தைப் பார்த்து நேரம் போடுவது ஏன் பொய்த்துப் போகிறது என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. எட்டு தடவை நடந்தால் எட்டு தடவை கிளம்ப வேண்டும். செலவு அந்தக் கிளம்புதலில் இருக்கிறது.

13 ஜூன், இரவு

ஒரு இடத்துக்கு வரிசையும் சவாரியும் சேர்த்து 35 நிமிடம். எட்டு இடத்துக்கு 280. சாப்பாடு 60. நடை ஐந்து நிமிடம் வீதம் 40. மொத்தம் 380 நிமிடம். நமக்கு இருப்பது 420. நாற்பது நிமிடம் மிச்சம் இருப்பது போலத் தெரிகிறது. 2023இல் என்னை ஏமாற்றியது இந்த நாற்பது நிமிடம்தான்.

நடையை இருபது நிமிடமாக மாற்றினால் 280, 60, 160. மொத்தம் 500. எண்பது நிமிடம் பற்றாக்குறை. எட்டு இடம் முதலிலிருந்தே முடியாத காரியம்.

ஆறு இடம், நடை 18 நிமிடம் என்றால் 210, 60, 108. மொத்தம் 378. இதைத்தான் வரும் கூட்டத்தில் சொல்லப் போகிறேன்.

18 ஜூன், புதன்

கூட்டத்தில் எதிர்ப்பு. "ஆறு இடத்துக்காக இவ்வளவு பணமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2023இல் நான்கு இடம் பார்த்ததை நினைவுபடுத்தினேன். கட்டம் வரைந்த பையனின் அம்மா பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் எழுந்து, "ஆறு என்று சொல்லி ஆறு காட்டுங்கள் தம்பி, போதும்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

தலைமையாசிரியர் ஒரு நல்ல யோசனை சொன்னார்: 38 பேரையும் ஒரே வரிசையாக நடத்த வேண்டாம், ஒன்பதும் பத்துமாக நான்கு குழுவாகப் பிரிக்கலாம். குழுவுக்கு ஒரு பெரியவர், மிச்சம் இரண்டு பேர் பொதுவில். குழுவுக்குள் தலை எண்ண இருபது விநாடி போதும். கழிப்பறைக்கும் ஒரே நேரத்தில் 38 பேர் போக மாட்டார்கள்.

25 ஜூன், புதன்

ஏன் சனிக்கிழமை, ஏன் ஜூலை என்று கேட்டவர்களுக்கு. ஜூன் மாதம் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை. பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் இந்தப் பக்கம் இருக்கும். ஜூலையில் அந்த நெரிசல் தணிந்துவிடும். முன்பு ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. பழைய வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டால் தவறிவிடும். வேலை நாளில் போவதுதான் உத்தமம், ஆனால் கூட வரும் பெற்றோருக்கு லீவு கிடைக்கவில்லை.

கூட்டம் நடையை எப்படிப் பிடித்து இழுக்கும் என்பதற்கு ஜான் ஃப்ரூயின் என்ற பொறியாளர் 1971இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். ஆளுக்கு எவ்வளவு தரை கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் வேகம். ஒரு சதுர மீட்டரில் இரண்டு பேர் என்ற நெரிசல் வந்தால் வேகம் பாதிக்குக் கீழே போய்விடும். நான்கு பேர் என்றால் நடை இல்லை, நகர்வுதான். தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படி ஏறியவர்களுக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். சாதாரண நாளில் பத்து நிமிடத்தில் ஏறுகிற படி, அன்று காவடிக்குப் பின்னால் நின்றால் முதல் படிக்கு வந்து சேரவே பொழுது போய்விடும். தீம் பார்க்கில் நாள் முழுவதும் அப்படி இருக்காது. ஒரு காட்சி முடிந்து கூட்டம் கலையும் பத்து நிமிடத்தில் மட்டும் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் எதிர்த் திசையில் நடக்காமல் இருந்தால் போதும்.

6 ஜூலை, ஞாயிறு

வேலையாக அந்தப் பக்கம் போனபோது பஸ் நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை நடந்து பார்த்தேன். தனியாக ஆறு நிமிடம். அட்டவணையில் 15 என்று எழுதியிருக்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்குவதும் நடைதான். பை எடுப்பது, தொப்பி தேடுவது, இருக்கைக்கு அடியில் விழுந்த தண்ணீர் போத்தலுக்காக ஒரு பிள்ளை மறுபடி ஏறுவது எல்லாம் அதற்குள் வரும்.

11 ஜூலை, வெள்ளி

மறந்துவிடுவதற்குள் எழுதிவைக்கிறேன். பல விளையாட்டுகளில் ஏறும் வாசல் ஓர் இடம், வெளியே வரும் வாசல் வேறோர் இடம். வெளியே வரும் வழி பெரும்பாலும் ஒரு கடைக்குள் புகுந்துதான் வரும். "ஏறின இடத்திலேயே நில்லுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு பக்கமும் காத்திருக்க வேண்டியதுதான். சந்திக்கும் இடம் எப்போதும் வெளிவாசலில் இருக்க வேண்டும். கடைக்கு ஐந்து நிமிடம் தனியாகப் போட்டிருக்கிறேன். காசு இல்லாத பிள்ளைதான் கடையில் அதிக நேரம் நிற்கும், எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி வைக்கும். அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வரக் கூடாது என்று குழுத் தலைவர்கள் நான்கு பேரிடமும் சொல்லிவிட்டேன்.

வெயிலைப் பற்றி இரண்டு வரி. 11 மணியிலிருந்து 3 மணி வரை நடை வேகத்தில் கால் பங்கைக் கழித்துவிடுங்கள். நிழலாகச் சுற்றிப் போகும் பாதை நூறு மீட்டர் கூட இருந்தாலும் அதில் போவதே மேல், பிள்ளைகள் நிழலைக் கண்ட இடத்தில் நிற்பது குறையும். இடி இடித்தால் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். அதை அட்டவணையால் ஒன்றும் செய்ய முடியாது, வெளிவிளையாட்டுகளைக் காலையில் முடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

27 ஜூலை, ஞாயிறு

போய் வந்தோம். எல்லாப் பிள்ளைகளும் பத்திரம். உடம்பு வலிக்கிறது, ஆனால் எழுதாமல் தூங்க முடியவில்லை.

பஸ்ஸிலிருந்து வாசல்: 15 எழுதியிருந்தேன், 17 ஆயிற்று. முதல் நடை: 18க்கு 16. இரண்டாவது: 18க்கு 19. நான்கு குழுவாகப் பிரித்தது கைகொடுத்தது. எந்த இடத்திலும் யாரையும் "சீக்கிரம்" என்று சொல்லவில்லை. சாப்பாடும் சொன்ன நேரத்தில் முடிந்தது, உட்கார நிழல் தேடியது மட்டும் கூடுதல்.

பிறகு மினிலேண்ட். அதை நான் வழியாக எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்து விளையாட்டுக்குக் குறுக்கே போக ஒரு பாதை, 18 நிமிடம். 44 நிமிடம் ஆயிற்று.

கட்டம் வரைந்த பையன் இப்போது ஆறாம் வகுப்புக்கும் மேலே போய்விட்டான், அவன் தம்பி வந்திருந்தான். இருபதில் ஒரு பங்கு அளவில் கட்டிய ஊர்கள் அங்கே. இரட்டைக் கோபுரத்தின் முன்னால் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். இவன் மட்டும் கோபுரத்தைப் பார்க்கவில்லை. தாழ்வான வேலி ஓரத்தில் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக்கொண்டான். கன்னம் சிமெண்டில் பதிந்திருந்தது. ஒரு சின்ன ரயில் அவன் கண் உயரத்தில் போயிற்று. அது போய், சுற்றி, மறுபடி வரும் வரை மூச்சுகூட விடாமல் படுத்திருந்தான். "ரெங்கம் ஸ்டேஷனில் நின்றால் இப்படித் தெரியாது சார். இங்கே ரயிலை விட நான் பெரியவன்" என்றான். ஏழு சுற்று பார்த்தான். நான் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

27 ஜூலை, மாலை

ஆறு இடம் பார்த்தோமா என்று கேட்கிறவர்களுக்கு: பார்த்தோம். மினிலேண்டில் கூடுதலாகப் போன 26 நிமிடத்தை மிச்சம் வைத்திருந்த 42 நிமிடம் தாங்கியது. 5 மணிக்குச் சொன்னபடி பஸ் கிளம்பவில்லை, 5.10க்குக் கிளம்பியது. எட்டு இடம் எழுதியிருந்தால் அந்தப் பையனை வேலி ஓரத்திலிருந்து தூக்கி நிறுத்தியிருப்பேன்.

29 ஜூலை, செவ்வாய்

யோசித்துப் பார்த்ததில் இன்னொரு திருத்தம். 13ஆம் தேதி "18 நிமிடம்" என்று எல்லா நடைக்கும் ஒரே எண் போட்டேன். தவறு. காலையில் 14 போதும். சாப்பாட்டுக்குப் பின் 20. கடைசி நடைக்கு, அதாவது வெளியே வரும் நடைக்கு, 30 வேண்டும். அப்போதுதான் பிள்ளைகளுக்கு இது முடியப் போகிறது என்று தெரிகிறது. ஒவ்வொரு மூலையிலும் திரும்பிப் பார்க்கிறார்கள். கடைசி நடைக்கு நான் எழுதியதும் 18தான், ஆனது 29.

வழியில் பார்க்கத் தக்க ஒன்று இருந்தால் அதை வழி என்று எழுதக் கூடாது. அதையும் ஓர் இடமாக எண்ணி 35 நிமிடம் கொடுக்க வேண்டும். மினிலேண்டைச் சேர்த்தால் நாம் பார்த்தது ஏழு இடம்.

9 ஆகஸ்ட், சனி

அடுத்த தடவை தாத்தா பாட்டிகளையும் அழைத்துப் போகலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்திருக்கிறது. அவர்கள் நடைக்கு என்ன எண் எழுதுவது என்று யோசனையாக இருந்தது. நேற்று மாலை வெயில் தாழ்ந்தபின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே சாலைக்குப் போனேன். கோயில் வாசலிலிருந்து ஸ்டோர் வரை, அதே ஒரு கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்று நினைத்திருந்தேன். பாதி வழியில் உட்காரட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக்கூடத் தம்பி வீட்டு வாசலில் போட்டு வைத்திருந்தேன்.

அம்மா சின்ன அடி வைத்துத்தான் நடந்தார். முழங்கால் வலி. நாற்காலியைக் கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டுத் தாண்டிப் போனார். தொட்டாற்சுருங்கி புதர்மேல் அவர் சேலை ஓரம் உரசி, கொடி முழுவதும் மடங்கியது. குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்டோர் வாசலில் கடிகாரத்தை நிறுத்தினேன். 17 நிமிடம். பிள்ளைகளைவிட இரண்டு நிமிடம் குறைவு.

"ஒரு தடவைகூட நிற்கவில்லையே அம்மா" என்றேன்.

"நின்றால் மங்கில் பால் உறைந்துவிடும்" என்றார். அந்தக் காட்டில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.